பீவர்ட்டனில் ஒரு மஞ்சள் விளக்கு

"அமெரிக்கா ரிட்டர்ன்! என்னடா பார்த்த... நயாகராவா, சுதந்திர தேவி சிலையா?"

ஹாஸ்டலில் நான் பெட்டியைத் திறப்பதற்குள் மொத்த விங்கும் ரூமில் கூடிவிட்டது. சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்கள். நானும் உண்மையைச் சொன்னேன்.

"ஒரு டிராஃபிக் சிக்னல் பார்த்தேன்டா."

ஒரு நிமிஷம் அமைதி. பிறகு என் ரூம்மேட் வாயைத் திறந்தான். "அதுக்கு நீ டவுன் பஸ்ஸைப் பிடிச்சுக் காளவாசலுக்கே போயிருக்கலாமேடா!"

சிரித்து முடித்தார்கள். அதற்கப்புறம் நான் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நம்ம டிபார்ட்மென்ட் மக்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கதை பாஸ்.

அக்காவுக்குப் பிரசவம். அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. எனக்கு செமஸ்டர் லீவு. துணைக்கு அனுப்பி வைத்தார்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, பிரசவ மருந்து மூட்டையோடு நாங்கள் போய் இறங்கிய ஊர் போர்ட்லண்ட். அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் பீவர்ட்டன். ஓரிகன் மாநிலம். 2020 கணக்குப்படி மக்கள்தொகை 97 ஆயிரம் சொச்சம். நம்ம ஊர் அளவுக்கு ஒரு நகராட்சி, அவ்வளவுதான்.

ஆனால், சும்மா ஊர் இல்லை. ஷூ கம்பெனி நைக்கியின் தலைமையகம் இந்த ஊரை ஒட்டித்தான். பக்கத்து ஊர் ஹில்ஸ்பரோவில் இன்டெல் ஆலைகள். அதனால் மளிகைக் கடையில் இட்லி அரிசி கிடைக்கிறது, பார்க்கில் தமிழ் கேட்கிறது. எங்க லேபில் சிஆர்ஓ மேல் ஒட்டியிருக்குமே 'டெக்ட்ரானிக்ஸ்' என்று ஒரு பெயர்... 1946-ல் ஆரம்பித்த அந்த கம்பெனிக்கும் தலைமையகம் பீவர்ட்டன்தான். நேரத்தை நானோ செகண்ட் கணக்கில் அளக்கிற கருவிகளின் சொந்த ஊர். இதே ஊரில்தான் அரை செகண்டுக்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்.

மாவு டப்பாவும் மஞ்சள் விளக்கும்

சண்டை எனக்குத் தெரிய வந்தது ஒரு மாவு டப்பாவால். மாமா கார் ஓட்ட, அம்மா மடியில் இட்லி மாவு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு முன்னால் பச்சை மஞ்சளானது. மாமா பிரேக்கில் ஏறி நின்றார். பின்னால் வந்த கார் 'கீச்ச்'. அம்மாவின் புடவையில் பாதி மாவு.

"மாப்பிள்ளை, மஞ்சளுக்கே இப்படியா?" என்றார் அம்மா, கோபத்தை மரியாதைக்குள் மடித்து வைத்து.

"கேமரா இருக்கும்னு பயம் அத்தை" என்றார் மாமா.

அப்போதுதான் பழைய கதை வந்தது. வேறு ஒரு மாநிலத்தில் வேலை பார்த்தபோது, ரைட் எடுக்கும் நேரத்தில் சிவப்பு விழுந்துவிட்டதாக வீட்டுக்கு ஒரு டிக்கெட் வந்ததாம். போட்டோ, தேதி, நேரம் எல்லாம் போட்டு, வீடியோவைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் கொடுத்திருந்தார்கள். மாமா வீடியோவைப் பார்க்கவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பணத்தைக் கட்டிவிட்டார்.

"ஏன் மாமா, உங்க மேல தப்பு இல்லைன்னா?"

"மாப்ள, விசால இருக்கிறவனுக்கு எதுக்கு வம்பு? மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

'மெஷின் சொன்னா சரி.' இந்த ஒரு வரி என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஐந்தாம் தெருவில் இருக்கிற ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். தேடத் தேட, மாமா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஆள், மெஷின் சொன்னதை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

யார் இந்த ஸ்வீடன்காரர்?

பெயர் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம். ஸ்வீடனில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு பீவர்ட்டனில் குடியேறியவர். 2013-ல் இவர் மனைவி லாம்பார்ட் அவென்யூவும் ஆலன் புலவார்டும் சேரும் சந்திப்பில் வலது பக்கம் திரும்பினார். கேமரா பிடித்தது. டிக்கெட் வந்தது.

நம்மாளாக இருந்தால் ஒன்று கட்டியிருப்போம், இல்லையென்றால் திட்டியிருப்போம். இவர் இரண்டும் செய்யாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'சிவப்பு எப்போது விழுந்தது என்று கேமரா சரியாகச் சொல்கிறது. ஆனால், மஞ்சள் எத்தனை செகண்ட் எரிய வேண்டும் என்று யார் முடிவு செய்தது?'

இங்கேதான் நம்ம பிசிக்ஸ் உள்ளே வருகிறது. (எனக்கு ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் இன்னும் அரியர் இருக்கிறது. தேர்ட் இயர் வரை கூடவே வந்துகொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்கிறேன்.)

மஞ்சள் விளக்கின் கணக்கை 1960-ல் மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள். டெனோஸ் காசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மாரடூடின். இதில் ஹெர்மன் சாதாரண ஆள் இல்லை. பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்று 1948-லேயே ஆல்ஃபருடன் சேர்ந்து கணக்குப் போட்டுச் சொன்னவர். அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து, டிராஃபிக் சிக்னலைப் பிடித்துக்கொண்டார்!

அவர்கள் பார்த்த சிக்கல் ரொம்ப எளிமையானது. மஞ்சள் விழுகிறது. சிக்னலிலிருந்து தூரத்தில் இருப்பவர் பிரேக் போட்டு நின்றுவிடலாம். கிட்டே இருப்பவர் சிவப்பு விழுவதற்குள் போய்விடலாம். நடுவில் இருப்பவர்? மஞ்சள் நேரம் குறைவாக இருந்தால் அவரால் நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. திரிசங்கு நிலை. சட்டத்தை மதிக்கிற டிரைவர்கூட என்ன செய்தாலும் குற்றவாளி ஆகிவிடுவார். அந்தத் திரிசங்கு இடமே இல்லாமல் போகும் அளவுக்கு மஞ்சள் எரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

அக்கா வீட்டு டைனிங் டேபிளில் மளிகை பில்லின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். வேகம் மணிக்கு 30 மைல், அதாவது செகண்டுக்கு 13.4 மீட்டர். விளக்கைப் பார்த்து மூளை காலுக்குச் சொல்ல ஒரு செகண்ட். பிறகு பிரேக்: செகண்டுக்கு செகண்ட் 3.05 மீட்டர் வேகம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். வி ஸ்கொயர் பை டூ ஏ... நிற்பதற்குத் தேவையான தூரம் மொத்தம் சுமார் 43 மீட்டர். அதே 43 மீட்டரை நிற்காமல் அதே வேகத்தில் கடக்க 3.2 செகண்ட். ஆக, மஞ்சள் 3.2 செகண்ட் எரிந்தால் போதும்.

நேராகப் போகிறவருக்கு!

வலது பக்கம் திரும்புகிறவர் 30 மைல் வேகத்தில் திரும்பினால் கார் கவிழ்ந்துவிடும் இல்லையா? அவர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். மணிக்கு 12 மைலுக்குக் குறைத்துத் திரும்புகிறார் என்று வைத்து அதே 43 மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். விடை கிட்டத்தட்ட 4 செகண்ட். நேராகப் போகிறவரைவிட முக்கால் செகண்டுக்கும் மேல் அதிகம். பொறுப்பாக பிரேக்கைத் தொட்டுத் திரும்புகிறவருக்குச் சிவப்பு விழுகிறது. கேமரா கண் சிமிட்டாமல் போட்டோ எடுக்கிறது. கேமரா பொய் சொல்லவில்லை. கேமராவுக்குக் கொடுத்த நம்பரில்தான் ஓட்டை.

யார்ல்ஸ்ட்ரோம் கண்டுபிடித்தது இதைத்தான். 1960 ஃபார்முலா தப்பு இல்லை. நேராகப் போகிறவருக்காக எழுதியதைத் திரும்புகிறவருக்கும் மாட்டிவிட்டதுதான் தப்பு. அந்த மூவரில் ஒருவரான மாரடூடினே இவர் சொல்வதை ஆதரித்தார்.

'இன்ஜினீயர்' என்று சொன்னதற்கு ஃபைன்!

நகராட்சி மேல் வழக்குப் போட்டார். தள்ளுபடி ஆனது. 2014-ல் ஓரிகன் மாநிலத்தில் இன்ஜினீயர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வாரியத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். கணக்கைப் பாருங்கள், உதவி செய்யுங்கள் என்று.

வாரியம் கணக்கைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தது. 'இவர் தன்னை இன்ஜினீயர் என்று சொல்லிக்கொள்கிறார். நம் மாநில லைசென்ஸ் இல்லையே?' என்று விசாரணையை ஆரம்பித்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் விசாரித்து, 2017 ஜனவரியில் 500 டாலர் அபராதம் போட்டது. லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினீயரிங் செய்தது, இன்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டது... இவைதான் குற்றம்.

இதைப் படித்தபோது நூலகத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். நம்ம ஊரில் செகண்ட் இயர் பையன்கூட சித்தப்பா கல்யாண பிளக்ஸில் பெயருக்கு முன்னால் 'ஈ.ஆர்.' போட்டுக்கொள்கிறான். எங்கம்மா விமானத்தில் பக்கத்து சீட்காரரிடம் "பையன் இன்ஜினீயர்" என்றுதான் அறிமுகப்படுத்தினார். அரியரோடு சேர்த்து!

சிரிப்பு அடங்கியதும் சுருக்கென்றது. கணக்குத் தெரிந்த ஆளை 'நீ இன்ஜினீயர் இல்லை' என்று தடுத்தார்கள். நான் இன்ஜினீயர் என்று ஊரே சொல்கிறது. ஆனால், மாமா டிக்கெட் கதையைச் சொன்னபோது, மஞ்சள் எத்தனை செகண்ட் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் விடவில்லை. 2017-லேயே வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். தான் செய்தது தப்பு என்று வாரியமே ஒப்புக்கொண்டு 500 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. பணம் வந்தாச்சே என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. சட்டம் அப்படியே இருந்தால் அடுத்த ஆளுக்கும் இதே கதிதானே? 2018 டிசம்பரில் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொன்னது. 'இன்ஜினீயர்' என்ற சொல்லை அரசாங்கம் இப்படி மொத்தமாகப் பூட்டி வைக்க முடியாது, அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று. 2020-ல் போக்குவரத்து இன்ஜினீயர்களின் அமைப்பான ஐடிஇ வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில், திரும்புகிற வண்டிகளுக்கான கணக்கும் இடம் பிடித்தது. மனைவிக்கு வந்த ஒரு டிக்கெட்டில் ஆரம்பித்தது, ஏழு வருஷத்தில் கையேட்டையே திருத்தி முடிந்தது.

அம்மாவின் கை

சரி, அந்தச் சந்திப்பைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்புவதா? ஒரு சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பீவர்ட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி லாம்பார்ட் அவென்யூவிலேயே தெற்கே நடந்தால் நேராக ஆலன் புலவார்ட். அரை மணிக்குள் போய்விடலாம். வழியில் உழவர் சந்தைக் கூட்டம். பெர்ரிப் பழத்தின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து அம்மா அதிர்ச்சியாகி, வாங்காமலே நடந்தார்.

சந்திப்பு சப்பென்று இருந்தது. நாலு ரோடு, நாலு சிக்னல், புல் தரை, கடைகள். செல்போனில் ஸ்டாப்வாட்சை ஆன் செய்து மஞ்சளை அளக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர்! கட்டைவிரல் அழுத்துவதிலேயே வித்தியாசம் வருகிறது. மனுஷக் கைக்குப் பிடிபடாத நேரத்துக்குத்தான் மனுஷனுக்கு ஃபைன் போடுகிறோம் என்று அங்கேயே உறைத்தது.

"என்னடா, விளக்கையே பார்த்துக்கிட்டு நிக்கிறே? வா, தாண்டலாம்."

நடக்கிறவர்களுக்கான வெள்ளை விளக்கு விழுந்துவிட்டது. கார்கள் கோட்டுக்குப் பின்னால் சாதுவாக நிற்கின்றன. ஆனாலும், அம்மா வலது கையை நீட்டி 'நில்லு நில்லு' என்று காட்டிக்கொண்டேதான் தாண்டினார். கார் ஓட்டிய ஒரு பெண் சிரித்துவிட்டுப் பதிலுக்குக் கையை அசைத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க ஊர் பைபாஸ் சிக்னலில் பெரியப்பாவை அடித்தது, சிவப்பில் நிற்காமல் வந்த லாரி. ஆறு மாசம் படுக்கை. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். லாரி நம்பரை யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அம்மா எந்த ரோட்டைத் தாண்டினாலும் கை தானாக நீள்கிறது.

"ஏம்மா, இந்த கேமரால்லாம் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஒண்ணு இருந்திருந்தா லாரி நம்பராவது கிடைச்சிருக்கும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் சமீப வருஷங்களில் சிவப்பில் பாய்கிற வண்டிகளால் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். 'கேமராவே வேண்டாம்' என்று சொல்கிறவர்கள் அந்த ஆயிரம் குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால், கேமராவை வைத்துவிட்டு யாரும் கேள்வி கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோ இருக்கிறது. அங்கே 2003-ல் கேமரா வந்தது. ஒப்பந்தத்துக்காக கேமரா கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிய நகரப் போக்குவரத்துத் துறையின் முன்னாள் அதிகாரி ஜான் பில்ஸுக்கு 2016-ல் பத்து வருஷம் சிறை. இடையில் 2014-ல், மஞ்சள் மூன்று செகண்டுக்கும் கொஞ்சம் குறைவாக எரிந்தாலும் டிக்கெட் செல்லும் என்று சத்தமில்லாமல் விதி மாறியது. அந்த துளி வித்தியாசத்தில் போன டிக்கெட் மட்டும் சுமார் 77 ஆயிரம் என்று நகரத்தின் தலைமை ஆய்வாளரே கண்டுபிடித்தார். டிக்கெட்டுக்கு 100 டாலர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா? இருக்கிறது. பிலடெல்ஃபியாவில் செய்த ஒரு ஆய்வு 2008-ல் வெளியானது. முதலில் மஞ்சளைச் சுமார் ஒரு செகண்ட் நீட்டினார்கள். கேமரா இல்லாமலே சிவப்பு மீறல்கள் 36 சதவீதம் குறைந்தன. அப்புறம் கேமரா வைத்தார்கள். மிச்சம் இருந்ததில் 96 சதவீதம் காலி. நூறு பேர் மீறிய இடத்தில், முதலில் 64, கடைசியில் இரண்டு மூன்று பேர். முதலில் நம்பரைச் சரி செய். அப்புறம் கேமரா வை. அப்போது மாட்டுகிறவன் நிஜமாகவே லாரிக்காரன் மாதிரி ஆளாக இருப்பான், மாமா மாதிரி ஆளாக இருக்க மாட்டான்.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம். அக்கா குழந்தை தூளியில் தூங்க, மாமாவிடம் மளிகை பில் கணக்கைக் காட்டினேன். சிப் டிசைன் செய்கிற மனிதர். இரண்டு தடவை சரிபார்த்தார். ஒரு இடத்தில் நான் மீட்டரையும் அடியையும் குழப்பியிருந்தேன், திருத்தினார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த வீடியோவ ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம் மாப்ள. தப்பு என் மேலதானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது."

கட்டிய பணத்தைவிட, அந்தத் தெரியாததுதான் அவரை உறுத்தியது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது ஹாஸ்டலில் சாக்லேட் தீர்ந்திருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ரூம்மேட் மட்டும் கேட்டான். "சரி, பிசிக்ஸ் அரியர் என்ன ஆகும்?"

"எழுதுவேன்டா. வி ஸ்கொயர் பை டூ ஏ வந்தா பாஸ்."

கடைசியாக ஒன்று. போன வாரம் ஊரில் அம்மாவோடு அதே பைபாஸ் சிக்னலில் நின்றேன். மஞ்சள் விழுந்தது. அம்மா கையை நீட்டவில்லை. விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... டேய், மூணுதான்டா வருது. இது கம்மியா?"

"தெரியலம்மா. வண்டியெல்லாம் என்ன வேகத்துல வருதுன்னு அளந்து பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"அப்ப அளந்து பாரு. இன்ஜினீயர்தானே நீ?"

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு போகிறேன். வருகிறீர்களா?